சுமை முதலில், அறிவு பிறகு: மனச்சிதைவு நோயும் குடும்பக் கல்வியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனச்சிதைவு நோய்க்கு ஆளானவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அந்நோயைப் பற்றிக் கற்பிக்கும் முறை, மேலை நாடுகளில் 1970களின் இறுதியில் உருவாகிப் பின்னர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஒன்றாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. இந்தியாவில் குடும்பம் மனநல மருத்துவமனைக்குள் நுழைந்த வரலாறு அதனினும் முந்தியது. அதன் காரணமும் வேறு. படுக்கையும் பணியாளரும் போதாத நிலையில் குடும்பமே செவிலியாக்கப்பட்டது. அதற்குக் கற்பிக்க வேண்டும் என்ற கடமை பிறகுதான் முழுமையாக உணரப்பட்டது. அமிர்தசரஸ், வேலூர், பெங்களூரு, சென்னை ஆகிய இடங்களின் அனுபவத்தை லண்டன், பிட்ஸ்பர்க், ஜப்பான் ஆகியவற்றின் அனுபவத்தோடு ஒப்பிட்டு இவ்வரிசையை இக்கட்டுரை ஆராய்கிறது. நோயரும் கற்கும் உரிமையுடையவர் என ஏற்கப்படுவதற்கு நேர்ந்த தாமதமும் இதில் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு, உளக்கல்வி, குடும்பப் பராமரிப்பு, கீழ்ப்பாக்கம், ஸ்கார்ஃப், நோய்ப்பெயர்

முன்னுரை

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மனநோய்க்கு ஆளானவரும் அவர் நியமித்த பிரதிநிதியும் அந்நோயின் தன்மையையும், அளிக்கப்படவிருக்கும் சிகிச்சைத் திட்டத்தையும் அறியும் உரிமை உடையவர்கள் என்று அதன் 22ஆம் பிரிவு கூறுகிறது. அச்செய்தி அவர்களுக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தரப்பட வேண்டும் என்பதும் அப்பிரிவின் விதி. சென்னையில் மனநோயர்க்கென ஓர் இல்லம் 1794இல் தோன்றியது. அதிலிருந்து கணக்கிட்டால், நோயரிடம் அவர் நோயைப் பற்றி அவர் மொழியில் பேச வேண்டும் என்பது சட்டத்தில் இடம்பெற 223 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இடைப்பட்ட காலத்தில் யாரும் எதையும் கற்பிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. கற்பித்தோர் இருந்தனர், அவர்களுள் சிலர் உலகிற்கே முன்னோடிகள். ஆயினும் யாருக்கு, எதற்காக, எந்த நிலையில் கற்பிக்கப்பட்டது என்பதில் ஒரு வரிசைக் குழப்பம் நேர்ந்தது. நோயரைக் காக்கும் சுமை குடும்பத்தின்மேல் வைக்கப்பட்டு நெடுங்காலம் சென்ற பின்னரே அச்சுமையைத் தாங்குவதற்கான அறிவு அதன் கைக்கு வந்தது.

பெயரும் பழியும்

எமில் கிரேப்பலின் இந்நோயை இளமையிலேயே தோன்றும் அறிவுத் தேய்வாகக் கண்டார். சுவிட்சர்லாந்து மருத்துவரான ஆய்கன் புளூலர் 1908 ஏப்ரலில் பெர்லினில் ஆற்றிய உரையில் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற பெயரை முன்வைத்தார். 1911இல் விரிவான நூலாக எழுதினார். பிளத்தல், மனம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அப்பெயர். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றிடையே இயல்பாக இருக்க வேண்டிய இசைவு குலைவதையே புளூலர் குறித்தார். ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் குடியிருக்கும் என்பது பிற்காலப் புனைகதைகளும் திரைப்படங்களும் வளர்த்த தவறான கருத்து. நோயைப் பற்றிய கல்வி இன்றளவும் முதலில் களைய வேண்டியிருப்பது இத்தவற்றையே.

பெயருக்கு அடுத்து வந்தது பழி. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஃப்ரீடா ஃப்ரோம்-ரெய்க்மன் 1948இல் எழுதிய கட்டுரையொன்றில் நோயை விளைவிக்கும் தாயைப் பற்றிக் குறிப்பிட்டார். கிரிகரி பேட்சனும் அவர் தோழர்களும் 1956இல், ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளைப் பிள்ளைக்கு இடும் குடும்பத் தொடர்பிலிருந்தே நோய் பிறக்கிறது என்ற கோட்பாட்டை வெளியிட்டனர். இவற்றுக்கு உறுதியான சான்று பின்னர் கிடைக்கவில்லை. எனினும் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்ற அமெரிக்கத் தாய் பலர் குற்றவாளியின் இருக்கையில் அமர்த்தப்பட்டனர். குற்றவாளிக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. விசாரணை மட்டுமே நடக்கும். குடும்பக் கல்வி அங்கே தாமதமானதற்கு இது முக்கியக் காரணம்.

1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தின் பயன் கண்டறியப்பட்டதும் நிலை மாறத் தொடங்கியது. பூட்டிய விடுதிகளிலிருந்து நோயர்கள் வீடு திரும்பினர். எந்தக் குடும்பம் நோய்க்குக் காரணம் எனப்பட்டதோ அதே குடும்பத்திடம் அவர்கள் ஒப்படைக்கப்பட்டனர்; ஆனால் நோய் இன்னது, செய்ய வேண்டியது இன்னது என்று சொல்வார் இல்லை. 1970 மே மாதம் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் ஒரு தந்தை பெயர் குறிப்பிடாமல் எழுதிய கட்டுரை இந்த நிலையை வெளிப்படையாகப் பேசியது. அதைப் படித்துக் கடிதம் எழுதிய குடும்பங்களின் கூட்டமே பிரிட்டனின் தேசிய ஸ்கிசோஃப்ரினியா தோழமை அமைப்பாக வளர்ந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் தாய்மார் இருவரின் முயற்சியிலிருந்து 1979இல் தேசிய மனநோய்க் கூட்டணி பிறந்தது. பழி சுமந்தவர்களே கல்வி கேட்டுக் குரல் எழுப்பினர் என்பது கவனிக்கத்தக்கது.

கூடாரத்தில் குடும்பம்

இந்திய மருத்துவமனைகளில் குடும்பத்தைப் பழிக்கும் கோட்பாடு ஆழமாக வேரூன்றியதில்லை. அதற்குக் கருணை மட்டும் காரணமன்று. நோயர்களுள் மிகப் பெரும்பாலோர் எப்போதும் வீட்டில்தான் இருந்தனர். மருத்துவமனைகள் மிகச் சில. இருந்தவையும் நிரம்பி வழிந்தன. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் திறக்கப்பட்ட காப்பகம் 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் 1912ஆம் ஆண்டின் சட்டப்படி அது நோயரைக் காவலில் வைக்கும் இடமாகவே நீடித்தது. உறவினர் வாயில்வரை வந்து ஒப்படைத்துச் செல்பவர். உள்ளே அவருக்கு இடமில்லை.

இந்த ஏற்பாட்டை முதலில் உடைத்தவர் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யா சாகர். 1950களில் அங்கே நோயர் தொகை மிகுதி, பணியாளர் தொகை குறைவு. வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அமைத்து, நோயருடன் உறவினரும் தங்கும்படி செய்தார். சமைப்பதும் குளிப்பாட்டுவதும் உறவினர் பொறுப்பாயின. பணியாளர் குறைபாட்டுக்குத் தேடிய தீர்வாகத் தொடங்கிய இது, விரைவில் வேறொன்றாக மாறியது. அவர் குடும்பங்களைக் கூட்டி அமரவைத்துப் பேசலானார். நோய் என்பது தண்டனையன்று, தெளியக்கூடியது என்று அவர்கள் அறிந்த கதைகளைக் கொண்டும் அன்றாட வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கொண்டும் விளக்கினார். அருகிலிருந்த கூடாரத்து நோயர் தெளிந்து வருவதை மற்றக் குடும்பங்கள் கண்ணால் கண்டன. எந்தச் சொற்பொழிவையும்விட அதுவே வலிய பாடமாக இருந்திருக்க வேண்டும். லண்டனிலோ பிட்ஸ்பர்க்கிலோ ‘உளக்கல்வி’ என்ற சொல் வழங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது.

தமிழகத்தில் இதற்கு இணையான முயற்சி வேலூரில் நிகழ்ந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1950களில், கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் அவர்களின் முன்முயற்சியால் உருவானது. நோயருடன் குடும்பத்தார் ஒருவராவது தங்க வேண்டும் என்பது அங்கே சேர்க்கைக்கு நிபந்தனை. உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் இல்லை. 1963இல் அமெரிக்க உளமருத்துவ இதழொன்றில் இம்முறையை விவரிக்கும் கட்டுரை வெளிவந்தபோது, மேலைநாட்டு வாசகர்க்கு அது புதுமையாக இருந்தது. மகனைத் தனியே விட்டுவிட்டுத் திரும்பும்படி சொல்லப்பட்டிருந்தால்தான் அன்றைய வட ஆர்க்காட்டுக் குடும்பம் வியந்திருக்கும்.

இவ்விரு முயற்சிகளின் மதிப்பு பெரிது. ஆனால் அவற்றைப் போற்றி எழுதுவோர் ஒன்றைக் கடந்துபோய்விடுகின்றனர். உடன்தங்கும் உறவினர் கூலி இழந்தவர். வீட்டில் மற்றப் பிள்ளைகளை விட்டு வந்தவர். பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. அவர் உழைப்பு மருத்துவமனையின் செலவுக் கணக்கில் ஏறவில்லை. பெங்களூரில் ஷைலா பாயும் ஆர்.எல். கபூரும் 1981இல் வெளியிட்ட குடும்பச் சுமை அளவீடு இதைக் கணக்கில் கொண்டுவந்த முதல் முயற்சிகளுள் ஒன்று. பொருளிழப்பு, அன்றாட வேலை, ஓய்வு, வீட்டிலுள்ளோரின் உறவு, உடல்நலம், மனநலம் என்னும் ஆறு தலைப்புகளின்கீழ் 24 வினாக்கள் அதில் இருந்தன. நோயரின் நிலையைக் கேட்டறிந்துகொண்டிருந்த மருத்துவம், உடன் வந்தவரை நோக்கி உங்கள் நிலை என்ன என்று முறையாகக் கேட்கத் தொடங்கியது. அவர்களே அடுத்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலி வீடு தேடிச் சென்று நோயரைக் கவனித்துக் குடும்பத்துக்கு ஆலோசனை கூறியபோது, மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளித்ததைக் காட்டிலும் பயன் நன்றாக இருந்தது.

சொல்லை அளந்த ஆய்வு

மேலை நாடுகளில் குடும்பக் கல்விக்கான அறிவியல் அடிப்படை எதிர்பாராத ஒரு புள்ளியிலிருந்து கிளைத்தது. சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் 1950களின் இறுதியில், லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய ஆடவரைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோருடனோ மனைவியுடனோ வாழச் சென்றவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தாருடனோ தங்கியவர்கள் நலமாக இருந்தனர். இதன் காரணத்தைத் தேடிய அவரும் அவர் தோழர்களும் 1972இல் ஒரு விடையை வெளியிட்டனர். உறவினர் நோயரைப் பற்றிப் பேசும்போது வெளிப்படும் குறைகூறல், பகைமை, அளவுமீறிய பரிவு ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் மீள்வது மிகுதி. கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும் 1976இல் இதை உறுதி செய்தனர். உறவினரோடு நடத்தும் நேர்காணலில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குறைகூறல்கள் வந்தால் அவ்வீட்டை உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடாகக் கொண்டனர். வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருப்பது ஆபத்தைக் கூட்டுவதாகவும் கண்டனர்.

இந்த ஆய்வுகளில் தமிழ் வாசகர் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உறவினர் கூறிய குறைகளுள் பெரும்பகுதி மாயக்குரலைப் பற்றியோ பிறழ் நம்பிக்கையைப் பற்றியோ அல்ல. குளிப்பதில்லை, விடிந்தும் எழுவதில்லை, பேசினால் பதில் இல்லை, வேலைக்குப் போவதில்லை என்பனவே அவை. குரல் கேட்பது நோய் என்று யாருக்கும் எளிதில் புரிகிறது. ஊக்கமின்மையும் நோயின் கூறே என்பது புரிவதில்லை. தமிழ் வீடுகளில் இதற்கு உடனே கிடைக்கும் சொற்கள் ‘சோம்பேறி’, ‘திமிர்’, ‘வீம்பு’ ஆகியவை. மூன்றும் ஒழுக்கத்தைக் குறை சொல்பவை. படுத்தே கிடக்கும் மகனைப் பார்த்துத் தந்தை சொல்லும் ஒரு சொல்லை மாற்றுவது, மருந்தின் அளவை மாற்றுவதற்கு அடுத்த முக்கியத்துவம் உடையது என்பதே லண்டன் ஆய்வுகள் தந்த செய்தி. குடும்பக் கல்வியின் உள்ளீடு பெரும்பாலும் இதனைச் சுற்றியே அமைந்தது.

லெஃப்பும் அவர் குழுவினரும் 1982இல் 24 குடும்பங்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். நோயைப் பற்றிய பாடம், உறவினர் குழுக் கூட்டம், வீட்டுக்குச் சென்று பேசுதல் ஆகிய மூன்றும் சேர்த்து அளிக்கப்பட்ட குழுவில் ஒன்பது மாதங்களில் ஒருவருக்கு மட்டுமே நோய் மீண்டது. மற்றக் குழுவில் பாதிப் பேருக்கு மீண்டது. இருதரப்பினரும் மருந்து உட்கொண்டவர்களே. பிட்ஸ்பர்க்கில் கரோல் ஆண்டர்சனும் ஜெரார்டு ஹோகர்ட்டியும் 1980இல் தங்கள் முறைக்கு உளக்கல்வி அணுகுமுறை என்று பெயரிட்டனர். 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, முதலாண்டில் மருந்து மட்டும் பெற்றவருள் 41 சதவீதத்தினர்க்கும், குடும்பக் கல்வியும் சேர்த்துப் பெற்றவருள் 19 சதவீதத்தினர்க்கும் நோய் மீண்டது. குடும்பத்துக்குக் கல்வியும் நோயர்க்குச் சமூகத் திறன் பயிற்சியும் சேர்த்து அளித்தபோது அவ்வாண்டில் யாருக்கும் மீளவில்லை. இரண்டாம் ஆண்டில் இவ்வேறுபாடு குறைந்தது. ஒருமுறை வகுப்பு நடத்தி அனுப்பிவிட்டால் போதாது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

இதே அளவுகோல் சண்டிகரிலும் வைத்துப் பார்க்கப்பட்டது. என்.என். விக், லெஃப் முதலியோர் 1987இல் வெளியிட்ட முடிவில், உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த உறவினர் 23 சதவீதமே. லண்டனில் ஏறக்குறையப் பாதி. வளரும் நாடுகளில் இந்நோயின் போக்கு மேலை நாடுகளைவிட நன்றாக இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுகள் கூறியதற்கு இது ஒரு விளக்கமாகக் கொள்ளப்பட்டது. இந்தியக் குடும்பத்தின் பொறுமை அப்போதிருந்து மேற்கோளாகவே ஆகிவிட்டது. அப்பொறுமைக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்ற வினா அம்மேற்கோளுடன் சேர்ந்து பயணிக்கவில்லை.

சென்னையில் கேட்கப்பட்ட வினாக்கள்

டாக்டர் எம். சாரதா மேனன் (1923–2021) 1959இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் பணியேற்று, 1961இல் அதன் கண்காணிப்பாளரானார். இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவர் எனப் போற்றப்படும் அவர் 1978வரை அங்கே பணியாற்றினார். ஒய்வுபெற்ற பின், 1984இல் சென்னையில் ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ‘ஸ்கார்ஃப்’ என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. மருந்தால் குரல்கள் அடங்கிய பின்னும் வேலையின்றி, நட்பின்றி, மதிப்பின்றி வீட்டின் ஒரு மூலையில் இருக்கும் மனிதருக்கு என்ன செய்வது என்ற வினாவிலிருந்து அந்நிறுவனத்தின் மறுவாழ்வுப் பணி விரிந்தது. டாக்டர் ஆர். தாரா, டாக்டர் ஆர். பத்மாவதி முதலியோர் அப்பணியை ஆய்வாக வளர்த்தனர். அங்கு வந்த குடும்பங்கள் ஒன்றுகூடி ‘ஆஷா’ என்ற சங்கத்தை அமைத்தன.

குடும்பங்களுக்குக் கற்பிக்க முனைந்தோர், அவை முன்னரே என்ன நம்புகின்றன என்பதை அறிய வேண்டியிருந்தது. தமிழ்க் குடும்பம் இந்நோயைப் பேய் பிசாசாகவே கருதும் என்பது படித்தவர் பலரின் எண்ணம். டி.என். சீனிவாசனும் தாராவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் 254 குடும்பங்களிடம் காரணம் கேட்டபோது 12 சதவீதத்தினரே தெய்வக் குற்றம், செய்வினை போன்ற காரணங்களைக் கூறினர். அவற்றை மட்டுமே காரணமாகக் கூறியோர் 5 சதவீதம். மிகுதியாகக் கூறப்பட்டவை மன அழுத்தம் தரும் நிகழ்ச்சிகள்: தேர்வுத் தோல்வி, காதல் முறிவு, இழப்பு. இவர்கள் சிகிச்சைக்கு வந்து சேர்ந்த நகரக் குடும்பங்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் குடும்பத்தை விளக்கிவிடும் வழக்கத்துக்கு இம்முடிவு தடையாக நிற்கிறது. தேர்வுத் தோல்வியால் வந்தது எனக் கருதும் தந்தை, அடுத்த தேர்வில் வென்றால் போய்விடும் என்றும் கருதுவார். மருந்து எதற்கு என்று கேட்பார். கல்வி மறுமொழி கூற வேண்டியிருந்தது பெரும்பாலும் இத்தகைய தருக்கத்துக்கே.

மருந்தைப் பற்றிய பாடம் கடினமானது. கை நடுக்கம், உடல் விறைப்பு, வாய்நீர் ஒழுகுதல், எடை கூடுதல் ஆகியவற்றை நோயர் நாள்தோறும் அனுபவிக்கிறார். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களுக்கு அவர் நலமாகவே தோன்றுவார். பிறகுதான் உறக்கம் கெடும், ஐயம் தலைகாட்டும். நிறுத்தியதற்கும் மீண்டதற்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியே குடும்பத்தை ஏமாற்றுகிறது. மருந்தை மறுக்கும் நோயர்க்கு அவர் அறியாமல் உணவிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் தமிழக வீடுகளில் உண்டு என்பதை ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படையாக எழுதினர். அது நோயரின் உரிமையை மீறுவது என்பதில் ஐயமில்லை. வீடு தேடி வரும் மருத்துவமோ அவசர உதவியோ இல்லாத ஊரில், இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கு வேறென்ன வழி காட்டப்பட்டது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. சுமையை மட்டும் தந்து கருவியைத் தராத ஏற்பாடு இத்தகைய செயல்களைத் தவிர்க்க இயலாதவை ஆக்கியது.

எல்லாவற்றிலும் கடினமானது திருமணம் பற்றிய வினா. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற பழமொழி நகைச்சுவைக்காக வழங்குவது. ஆனால் அதன் முற்பாதியை நம்பிச் செயல்பட்ட குடும்பங்கள் பல. மக்கள்தொகையில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு வரும் இந்நோய், பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைகளுள் ஏறத்தாழ 100க்கு 10 பேருக்கு வரலாம் என்பதைச் சொல்லலாம். மறைத்து மணமுடித்தால் என்ன நேரும் என்பதையும் சொல்லலாம். ஆனால் சொல்லிவிட்டால் பெண் கிடைப்பாளா, மாப்பிள்ளை கிடைப்பாரா என்ற அடுத்த வினாவுக்கு மருத்துவரிடம் விடையில்லை. சட்டமும் இதில் குடும்பத்துக்கு அச்சமே தந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், மணவிலக்குக்குக் காரணமாகும் மனக்கோளாறு என்பதன் விளக்கத்தில் ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே சேர்த்தது. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அது கடுமையானதா என்று பார்க்க வேண்டும் என 1988இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அத்தெளிவு வீடுகளை எட்டவில்லை. மருந்துச் சீட்டில் பெயர் எழுத வேண்டாம் என்ற வேண்டுகோள் தொடர்ந்தது. மணமுறிவுக்கு ஆளான பெண் நோயரைப் பற்றி 2003இல் வெளிவந்த சென்னை ஆய்வு, அவர்களுள் பெரும்பாலோர் முறையான மணவிலக்கோ வாழ்க்கைப் பொருளுதவியோ இன்றி முதிய பெற்றோரிடம் திரும்பியதைக் காட்டியது.

ஏர்வாடிக்கு முன்னும் பின்னும்

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தனியார் கொட்டகைகள் மூடப்பட்டன. அன்றைய எழுத்துகளில் பெரும்பாலானவை தர்காவையும் கோயிலையும் நாடும் மூடநம்பிக்கையைச் சாடின. கொட்டகையில் விட்டுச்சென்ற உறவினர்மேலும் பழி விழுந்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2000ஆம் ஆண்டின் கோடையில், தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் ஆர். ரகுராமும் பிறரும் ஆய்வு நடத்தினர். 2002இல் அது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே சங்கிலி இல்லை. உறவினர் உடனிருக்க, கோயிலின் சிறு வேலைகளைச் செய்துகொண்டு தங்கியிருந்த 31 பேரின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்தன. அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு வகையினர். இம்முடிவை மருந்து வேண்டாம் என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் பிழை. ஆய்வு சிறியது, ஒப்பீட்டுக் குழு இல்லாதது. ஆனால் குறைகூறாத சூழலும், சிறு வேலையும், உடனிருக்கும் உறவினரும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை லண்டன் ஆய்வுகள் கூறியதோடு இது ஒத்துப்போகிறது. ஏர்வாடியையும் இக்கோயிலையும் ஒரே தட்டில் வைத்த எழுத்துகள் இவ்வேறுபாட்டைக் காணவில்லை. இரண்டிடத்திற்கும் குடும்பங்கள் சென்றது வேறு இடம் காட்டப்படாததால்தான்.

கற்போராக நோயர்

இதுவரை கண்ட முயற்சிகளுள் மிகுதியானவை குடும்பத்தை நோக்கியவை. நோயரிடம் அவர் நோயின் பெயரைச் சொல்வதா என்பதில் மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கினர். ஜப்பான் இதற்குத் தெளிவான சான்று. அங்கே நோயின் பெயர் ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும்படி இருந்தது. 1993இல் குடும்பங்களின் தேசியக் கூட்டமைப்பு பெயரை மாற்றுமாறு வேண்டியது. ஜப்பானிய உளமருத்துவர் சங்கம் 2002இல் ‘ஒருங்கிணைப்புக் குலைவு’ என்னும் பொருள் தரும் புதுப் பெயரை ஏற்றது. அதற்குமுன் தம் நோயின் பெயர் கூறப்பெற்ற நோயர் 36.7 சதவீதம், மூன்று ஆண்டுகளுக்குள் அது 69.7 சதவீதமாக உயர்ந்தது. நோய் அதுவே, மருந்தும் அதுவே. வாயெடுத்துச் சொல்லக்கூடிய பெயர் கிடைத்ததும் மருத்துவர் சொல்லத் தொடங்கினர். கொரியாவிலும் பின்னர் பெயர் மாறியது. நரம்பிசைக் கருவியின் தந்திகளைச் சுருதி சேர்த்தல் என்ற உருவகத்தால் ஆனது அப்புதுப் பெயர்.

தமிழில் ‘மனச்சிதைவு’ என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. ‘பைத்தியம்’, ‘கிறுக்கு’ ஆகிய வசைச் சொற்களிலிருந்து மருத்துவப் பேச்சை விடுவித்தது அது. எனினும் சிதைவு என்பது தமிழில் மீளாத அழிவைக் குறிக்கும் சொல். சிதைந்த கோயில், சிதைந்த உடல் என்றே வழங்குகிறோம். தெளிந்து வேலைக்குச் செல்லும் ஒருவர் தம் மனத்தைச் சிதைந்த மனம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீடுகளில் இதனாலேயே ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற மறைப்புச் சொல் வழங்குகிறது போலும். சித்த மருத்துவ மரபு கிரிகை என்ற தலைப்பில் 18 வகை மனநோய்களை வகுத்துரைப்பது. அங்கே பெயர்கள் நடத்தையின் வேறுபாட்டைக் குறித்தனவேயன்றி மனத்தின் அழிவைக் குறிக்கவில்லை. புதுச்சொல் ஆக்குவோர் கருதிப் பார்க்கத்தக்க வளம் அது.

சொல்லுக்கு வெளியேயும் மாற்றம் நிகழ்ந்துவருகிறது. 2010இல் ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொலைமருத்துவப் பேருந்தொன்றை இயக்கத் தொடங்கியது. ஊர் மந்தையில் நிற்கும் அப்பேருந்துக்குள் நோயர் திரையின் வழியே சென்னை மருத்துவரிடம் பேசுவார். வெளியே கூடியிருப்போர்க்கு நோயைப் பற்றிய தமிழ்ப் படங்கள் காட்டப்படும். காஞ்சிபுரம் பகுதி, கோவா, மகாராட்டிரத்தின் சதாரா ஆகிய மூன்றிடங்களில் 282 நோயரைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வில், உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர் வீடுதோறும் சென்று நோயர்க்கும் குடும்பத்துக்கும் கற்பித்தனர். ஓராண்டில் கிடைத்த பயன் மிதமானது. தமிழகப் பகுதியில் அது மற்ற இரண்டிடங்களைவிடத் தெளிவாக இருந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் குடும்பக் கூட்டங்களில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு: எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்? எழுபது வயதைக் கடந்த பெற்றோர், நாற்பதைத் தாண்டிய பிள்ளையைப் பற்றிக் கேட்பது. மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு ஆளானோர்க்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்தது. மனநோய் அப்பட்டியலில் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை தொடர்பான முடிவுகளில் உதவலாம்; இருக்க வீடும் உண்ண உணவும் அவர் பொறுப்பில் வருவன அல்ல. சமுதாயத்தில் வாழ்வதற்கான இல்லங்களை அரசு அமைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. குடும்பக் கூட்டத்தில் அவ்வினா எழும்போது கற்பிப்பவர் இப்போதைக்குச் சுட்டிக்காட்டக்கூடியது அந்தப் பிரிவை மட்டுமே.